சதிப்புரட்சியும் அயல் நாடுகளின் நீதியும்

ஒரு நாட்டில் துப்பாக்கி முனையில் ஆட்சி பறிக்கப்பட்டால் அயல் நாடுகள் என்ன செய்ய வேண்டும்? இது இராஜதந்திரிகளின் விடயம், இலக்கியக்காரருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் இக்கேள்விக்குள் மிகப் பழைய ஒழுக்கப் பிரச்சினையொன்று கிடக்கிறது. குற்றவாளியை நெருங்க முடியாதபோது, அவன் பிடியில் அகப்பட்டிருப்போரை வருத்தி அவனைப் பணிய வைக்கலாமா என்பதே அது. 2023இல் நைஜர் நாட்டுக்கு நேர்ந்ததை வைத்து இதனைச் சிந்திக்கலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபிரிக்க நாடுகளின் அமைப்புகள் முன்பு இதைக் கண்டுகொள்வதே இல்லை. அயலவர் வீட்டு விவகாரத்தில் தலையிடாமை என்ற கொள்கையின் நிழலில் எல்லாம் நடந்தன. 1971இல் ஆட்சியைக் கைப்பற்றிய இடி அமீன், 1975இல் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைவராகவே அமர்ந்தார். உச்சி மாநாடும் அவருடைய கம்பாலாவில்தான் நடந்தது. அந்த நிலையிலிருந்து, யாப்புக்கு முரணான ஆட்சி மாற்றத்தை ஏற்பதில்லை என்ற 2000ஆம் ஆண்டின் லோமே பிரகடனத்துக்கு வந்து சேர்ந்தது பெரிய பயணம். மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகமான எகோவாஸ், 2001இல் ஜனநாயகத்துக்கென்றே தனி உடன்படிக்கையும் செய்துகொண்டது. ஏட்டில் எழுதியவை நல்லவை. சோதனை பின்னர்தான் வந்தது.

2023 ஜூலை 26இல் நைஜரின் ஜனாதிபதி முகம்மது பஸூம், அவரைப் பாதுகாக்க வேண்டிய மெய்க்காவல் படையாலேயே சிறைவைக்கப்பட்டார். அப்படையின் தளபதி அப்துர்ரஹ்மான் தியானி தன்னை ஆட்சித் தலைவராக அறிவித்தார். நான்கு நாட்களில் அபூஜாவில் கூடிய எகோவாஸ் தலைவர்கள், ஒரு வாரத்துக்குள் பஸூமை மீண்டும் பதவியில் அமர்த்தாவிட்டால் படைபலத்தையும் பயன்படுத்துவோம் என்றார்கள். தரை, வான் எல்லைகள் மூடப்பட்டன. வர்த்தகம் நிறுத்தப்பட்டது. பிராந்திய மத்திய வங்கியிலிருந்த நைஜர் அரசின் பணம் முடக்கப்பட்டது. நைஜீரியா தனது மின்சாரத்தையும் துண்டித்தது.

நைஜர் கடலில்லாத நாடு. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட சனம். பாவிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 வீதம் நைஜீரியாவிலிருந்து வந்தது. பெரும்பாலான பொருட்கள் பெனினின் கொட்டோனு துறைமுகத்தில் இறங்கி, மலன்வில் நகரில் நைஜர் நதியின் பாலத்தைத் தாண்டியே உள்ளே வரும். அந்தப் பாலம் அடைபட்டது. அரிசியும் எண்ணெயும் ஏற்றிய லொறிகள் மைல் கணக்கில் வரிசையில் நின்றன. வசதியுள்ளவர்கள் படகில் சாமான் கடத்தினார்கள். அரிசி விலை ஏறிற்று, மருந்து குறைந்தது. இவர்களில் எவரும் சதி செய்தவர்கள் அல்லர். தளபதியின் மாளிகையில் விளக்கு அணைந்திருக்கும் என்று எவராவது நம்புவாரா?

வகுப்பில் ஒருவன் செய்த குழப்படிக்கு முழு வகுப்பையும் வெயிலில் நிறுத்துவது கூடாதென்று எங்களுக்குப் பயிற்சிக் கலாசாலையில் கற்பித்தார்கள். அதைச் செய்பவர்கள் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: மற்றவர்கள் அவனைக் காட்டிக்கொடுப்பார்கள், திருத்துவார்கள். பொருளாதாரத் தடையின் தர்க்கமும் இதுவே. சனங்கள் கஷ்டப்பட்டால் ஆட்சியாளரை நெருக்குவார்கள் என்ற கணக்கு. ஆனால் எதனால் நெருக்குவது? அவர்களிடமிருந்த ஒரேயொரு கருவி வாக்கு. அதைத்தானே இராணுவம் பறித்துவிட்டது. வாக்கை இழந்தவனிடமிருந்து விளக்கையும் எடுத்துக்கொண்டு, போ, போராடு என்பது எந்த நீதி? இங்கு மனிதன் நோக்கமாக அல்ல, நெம்புகோலாகப் பாவிக்கப்படுகிறான்.

பலனாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. காலக்கெடு முடிந்த ஓகஸ்ட் 6இல் நியாமி நகர விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு இராணுவத்தை வாழ்த்தினார்கள். (அந்த அரங்கின் பெயர் செய்னி குந்தே. அவரும் 1974இல் சதிப்புரட்சியால் வந்தவர்தான்!) முந்திய ஆண்டு மாலியிலும் இதையே கண்டோம். தடை விதிக்கப்பட்டதும் பமாகோ வீதிகள் இராணுவத்துக்கு ஆதரவாக நிறைந்தன. சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு, தேசத்தின் காவலர் என்ற பட்டத்தை அயலவர்களே சூட்டிவிட்டார்கள்.

அப்படியானால் வந்தவனை ஏற்றுக்கொண்டு போவதா? நமது மரபில் இதை நேர்மையாக எதிர்கொண்டவர் அல்மாவர்தீ. 1058இல் மறைந்த இந்த பக்தாத் அறிஞர், கலீபாவின் பெயர் மட்டுமே மிஞ்சி வாள் புவைஹிகளின் கையிலிருந்த காலத்தவர். பலவந்தமாக ஒரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்ட அமீருக்கு, அவன் ஷரீஅத்தையும் கலீபாவின் பதவியையும் பேணுவானாயின், கலீபா அங்கீகாரம் வழங்கலாம் என்றார். அவருடைய நியாயம் அவசியம் என்பது. சட்டமே இல்லாமற் போவதைவிட, குறையுள்ள ஆட்சியைச் சட்டத்துக்குள் இழுத்துக் கட்டுவது மேல். அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவசியம் என்ற கதவு, ஒருமுறை திறந்தால் ஆளைப் பார்த்துத் திறக்கப் பழகிவிடும்.

2021 ஏப்ரலில் சாட் நாட்டு ஜனாதிபதி இத்ரீஸ் டெபி போர்முனையில் மாண்டபோது, யாப்பை ஒதுக்கிவிட்டு அவருடைய மகன் தலைமையில் இராணுவக் குழு ஆட்சியை எடுத்தது. ஆபிரிக்க ஒன்றியம் சாட்டின் அங்கத்துவத்தை இடைநிறுத்தவில்லை. பயங்கரவாதத்துக்கெதிரான போரில் சாட் தேவைப்பட்டது. அதே ஆண்டில் மாலியும் கினியும் சூடானும் இடைநிறுத்தப்பட்டன. இனி எந்தத் தளபதி இவர்களின் சட்டத்தை மதிப்பான்?

இதனினும் மோசமானது மற்றொன்று. கினியில் அல்பா கொண்டே 2020இல் யாப்பையே மாற்றி மூன்றாவது தவணைக்கு வந்தார். எதிர்த்தவர்கள் வீதியில் சுடப்பட்டார்கள். எகோவாஸ் எல்லையை மூடவில்லை, அவருடைய கணக்கை முடக்கவில்லை. 2021 செப்டெம்பரில் இராணுவம் அவரைத் தூக்கியபோதே அதற்குக் கோபம் வந்தது. இரண்டு தவணைக்கு மேல் எவரும் ஆளக்கூடாதென்ற யோசனை 2015இல் அக்ரா மாநாட்டில் வந்தபோது, டோகோவும் கம்பியாவும் மறுக்க, அது கைவிடப்பட்டது. யாப்பைச் சீருடையணிந்தவன் கிழித்தால் குற்றம், கோட் அணிந்தவன் கிழித்தால் உள்நாட்டு விவகாரம். நைஜர் மக்களின் காதில் எகோவாஸின் குரல் அரசர்கள் சங்கத்தின் குரலாக ஒலித்ததில் வியப்பில்லை.

இருந்தும் அமைப்பு பயனற்றது என்பவர்களோடு நான் உடன்படேன். தேர்தலில் தோற்றும் போகமறுத்த கம்பியாவின் யஹ்யா ஜமேயை 2017 ஜனவரியில் வெளியேற்றியது இதே எகோவாஸ்தான். வென்ற அடாமா பரோ டகாரிலுள்ள தூதரகத்தில் பதவியேற்றார். படைகள் எல்லையைக் கடந்தன. இரண்டு நாட்களில் ஜமே விமானமேறினார். அங்கே சனங்கள் தம் தீர்ப்பை அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். நெருக்குதல் ஒரு மனிதனை நோக்கியது, எவருடைய அடுப்பையும் நோக்கியதல்ல. கினியிலும் சதி செய்தவர்களின் பயணமும் சொத்துமே தடுக்கப்பட்டன. அதனால் அவர்கள் வீழவில்லை, உண்மை. ஆனால் பசித்தவன் பெயரில் அவர்கள் கூட்டம் சேர்க்கவும் இல்லை. ஆளைக் குறிவைக்கும் கருவி இருப்பது தெரிந்தும் நைஜரில் முழு நாட்டையும் குறிவைத்தார்கள் என்பதே என் முறைப்பாடு.

எல்லைக்கு இருபுறமும் வாழ்வோர் ஒரே ஹவுஸா மக்கள். அதனால் நைஜீரியாவின் செனட் சபையே போருக்குத் தயங்கிற்று. ஓகஸ்ட் 12இல் ஷெய்க் பாலா லாவ் தலைமையில் நைஜீரிய உலமாக்கள் நியாமிக்குப் போய்த் தியானியோடு பேசினார்கள். படைத்தளபதிகள் திட்டம் வகுத்துக்கொண்டிருக்கையில் பேச்சுக்கு ஒரு வாசல் திறந்தது அவர்கள்தாம். 2024 பெப்ரவரி 24இல் தடைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. மனிதாபிமானம், நெருங்கி வரும் ரமழான் என்று காரணம் சொன்னார்கள். முந்திய ஏழு மாதங்களிலும் அந்த மனிதாபிமானம் எங்கே இருந்தது?

அதற்குள் நைஜர், மாலி, புர்கினா பாசோ மூன்றும் எகோவாஸை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டன. 2025 ஜனவரியில் அது நடந்தேறியது. மார்ச்சில் தியானி ஐந்தாண்டுகளுக்கு ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்தார். பஸூம் தடுப்பிலேயே இருந்தார். தடை நீங்கியதும் பெனின் தன் பக்கத்தை மலன்விலில் திறந்தது. மறுகரையில் நைஜர் திறக்கவில்லை. படகுக்காரர்கள் தொடர்ந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.