வீடும் விடுதலும்

தமிழில் ‘வீடு’ என்ற சொல் குடியிருக்கும் இடத்தையும், பிறவித் தளையிலிருந்து பெறும் விடுதலையையும் ஒருங்கே குறிக்கிறது. ‘விடு’ என்னும் வினையின் முதல் எழுத்து நீண்டு பெயரானதால், இலக்கணத்தார் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், உளுந்தூர்பேட்டை வட்டாரத்துக் கரும்பு வயல்களையும் நெல் வயல்களையும் ஒட்டிய வீடுகளுக்குள், வளையில் நீர் புகுந்த பூரானும் தேளும், சுவரோரம் சுருண்டு கிடக்கும் மரவட்டையும், விளக்கைத் தேடிவரும் ஈசலும், தண்ணீர்த் தொட்டியடியில் ஒதுங்கும் தேரையும் வந்து சேரும்போது, அச்சொல்லுக்குள் உறங்கும் வினை விழித்துக்கொள்கிறது. அடிக்காமல் விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பது எளிது. எங்கே விடுவது, எப்படி விடுவது என்பதில்தான் நல்லெண்ணம் உடையவர்களும் தவறுகிறார்கள்.

இக்கேள்வியை நெடுங்காலம் எண்ணிப் பார்த்த மரபு ஒன்று இதே வட்டத்தில் உண்டு. திருநறுங்கொண்டைக் குன்றின்மேல், சமண சமயத்தின் 23ஆம் தீர்த்தங்கரரான, அதாவது பிறவிக் கடலைக் கடக்கத் துறை அமைத்துத் தந்தவர்களுள் ஒருவரான பார்சுவநாதர், அப்பாண்டைநாதர் என்ற பெயரில் கோயில் கொண்டுள்ளார். பார்சுவநாதரின் தலைக்குமேல் பாம்பு படம் விரித்து நிற்பதற்குச் சமண புராணங்கள் ஒரு கதை சொல்கின்றன: அவர் இளவரசராக இருந்தபோது, தீ வளர்த்துத் தவம் செய்த ஒருவரின் விறகுக்கட்டைக்குள் இரு பாம்புகள் இருப்பதை அறிந்து கட்டையைப் பிளக்கச் செய்தார், அதற்குள் வெந்துபோன பாம்புகள் பிழைக்கவில்லை என்றாலும், அவர் சொன்ன மந்திரத்தைக் கேட்டு உயிர்விட்டுத் தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்து, பின்னாளில் அவர்மேல் பொழிந்த கொடுமழையைக் குடையாகத் தாங்கின. காப்பாற்ற முடியாமல் போனதை மறைக்காமல் சொல்வதே இக்கதையின் சிறப்பு. இன்றும் விறகடுப்பு எரியும் வீடுகளில் கட்டையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, எறும்பை உதிர்த்துவிட்டு அடுப்பில் செருகும் பெண்கள், கதையை அறிந்தோ அறியாமலோ அதன் பொருளைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுப்பது சமணரின் வழக்கம். தொடுவுணர்வு மட்டும் உள்ளவை முதல் சுவை, மணம், பார்வை, கேள்வி ஆகியவை ஒவ்வொன்றாகக் கூடியவை வரை அந்த வரிசை ஏறிச்செல்லும். தொல்காப்பியத்தின் மரபியலும் இதே வரிசையைப் பின்பற்றிப் புல்லையும் மரத்தையும் ஓரறிவிலும், சிதல் எனப்படும் கறையானையும் எறும்பையும் மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நாலறிவிலும் வைத்து, மனம் என்னும் ஆறாவதை மனிதர்க்கு அளிக்கிறது. 2022இல் பிரிட்டன் இயற்றிய விலங்குநலச் சட்டம் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது, பூச்சிகளை ஏற்கவில்லை. தொல்காப்பியர் நண்டின் பக்கத்திலேயே உட்காரவைத்த தும்பி, அந்தச் சட்டத்தின் வாசலில் இன்னும் காத்திருக்கிறது.

ஆயினும் சமணம் இல்லறத்தாரிடம் இயலாததைக் கேட்கவில்லை. மயிற்பீலியால் தரையை வருடி அமரும் துறவியர்க்கு மாவிரதம் என்னும் முழு நோன்பையும், வீட்டில் வாழ்வோர்க்கு அணுவிரதம் என்னும் சிறு நோன்பையும் வகுத்து, உயிர்க்கொலையையும் அது நான்காகப் பிரித்தது. கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்கல், கழுவுதல் முதலியவற்றில் தவிர்க்க முடியாமல் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு போன்ற தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும்போது நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். கருத்துக்குத் தரப்படும் இந்த எடை எவ்வளவு என்பதை யசோதர காவியம் காட்டும்: அதில் அரசன் யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் பலியிடுவது மாவால் செய்த கோழியைத்தான், ஆனால் கோழியைக் கொல்லும் எண்ணத்தோடு வெட்டியதால் இருவரும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழல்கிறார்கள். சமையலறைச் சுவரில் அசையாமல் இருக்கும் சிலந்தியின்மேல் செருப்பு விழும்போது, அது பெரும்பாலும் விரோத இம்சை என்ற பெயரில் நடக்கும் சங்கற்ப இம்சையே. வலைபின்னாமல் சுவரில் திரியும் அந்தப் பெரிய சிலந்தி கரப்பானை வேட்டையாடுவதற்காகவே அங்கே இருக்கிறது. அதை அப்படியே விட்டுவைப்பதே முறை. கதவு நிலையில் குளவி மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லிக் கூட்டைக் கலைக்காமல் விட்ட பாட்டிமார்களின் நம்பிக்கை அறிவியல் ஆகாது. ஆனாலும் பல குளவிக் குஞ்சுகள் அதனால் பிழைத்தன.

வெளியேற்றியே ஆகவேண்டியவற்றுக்கு ஒரு டம்ளரும் ஒரு கெட்டி அட்டையும் போதும். கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகித் தூக்கிச்செல்லலாம். தேளுக்கும் பூரானுக்கும் வெறுங்கை ஆகாது. நீண்ட இடுக்கியும் மூடியுள்ள டப்பாவும் வேண்டும். செந்தேளின் கொட்டு குழந்தைகளின் இதயத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், தொட்டிலருகே அதைக் கண்டு பதறி அடித்த தாயை எந்த அறநூலும் குற்றம் சொல்லாது. பிடித்ததை வாசலுக்கு வெளியே உதறிவிட்டுக் கதவைச் சாத்துவதோடு வேலை முடிவதில்லை. நண்பகல் வெயிலில் சிமெண்ட் தரையில் விடப்பட்ட மரவட்டை சற்று நேரத்தில் வறண்டு சாகும், ஏனெனில் ஈரமான சருகின் அடியே அதன் இருப்பிடம். பகலெல்லாம் கல்லிடுக்கில் பதுங்கி இரவில் இரைதேடும் தேளை, ஆள் நடமாட்டம் இல்லாத கற்குவியலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். தேரைக்கு நிழலும் ஈரமும் வேண்டும். ‘வெளியே’ என்பது மனிதர்க்கு ஒரே இடம், இவற்றுக்கோ பல இடம்.

ஈசலின் கதை வேறு. இறக்கை முளைத்த கறையானான அது, முதல் மழைக்குப்பின் புற்றிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு, இறக்கையை உதிர்த்து, இணைதேடி, மண்ணுக்குள் புதுக் குடி அமைக்க முயலும். அதற்குள் பெரும்பாலானவை பறவைக்கும் பல்லிக்கும் இரையாகிவிடும். உள்ளறை விளக்கை அணைத்துவிட்டு வாசல் விளக்கை ஏற்றினால் அவை தாமே வெளியேறும், விரட்ட வேண்டிய தேவையில்லை. அதே விளக்கை வைத்து அதே ஈசலைப் பிடித்து, வறுத்து, அரிசியோடு கலந்து தின்னும் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. அவர்களை முகம் சுளித்துப் பார்ப்பது பொருந்தாது. அருகிலுள்ள வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார் புலாலை மறுத்தவர்தாம், ஆனால் சீவகாருணியத்தில் பசியைப் போக்குவதையே தலையாயதாக வைத்தார்.

கொசுவைப் பிடித்து வெளியே விடுவது வெறும் வேடிக்கை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நன்னீரில் முட்டையிட்டு ஏழு முதல் பத்து நாளில் பறந்துவிடும் என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்ப்பவர் பின்னர் மட்டையும் புகையும் கொண்டு கொல்ல வேண்டிய எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்துவிடுகிறார். சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் சமண வழக்கமும் இத்தகையதே. விளக்கேற்றுமுன் பகலொளியில் உண்ணும் உணவில், விளக்கைத் தேடிவரும் பூச்சி விழுவதில்லை.

உளுந்தைத் தன் பெயரிலேயே சுமக்கும் இவ்வூரில், உளுந்துப் பானைக்குள் பிறக்கும் வண்டைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பயறு வண்டு பருப்பின் மேல்தோலில் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துச் சென்று தின்று வளர்ந்து, வட்டமாக ஒரு வாயில் வெட்டிக்கொண்டு வண்டாக வெளிவரும். வெளிவந்த வண்டுக்கு உணவே தேவையில்லை, ஆயுள் இரண்டு வாரத்தைத் தாண்டுவதும் அரிது. முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தால் வண்டுகள் தாமே ஓடிவிடும், ஆனால் பருப்புக்குள் இருக்கும் புழு வெப்பத்தில் மடியும். இது ஆரம்ப இம்சை. இதையும் குறைக்க விரும்பியவர்கள், அறுவடையானதும் நன்கு காயவைத்து, வேப்பிலையும் வசம்பும் இட்டு, வண்டு முட்டையிட வருமுன்பே பானையை மூடினார்கள்.

பிடித்து விடுவதன் மிக நுண்ணிய வடிவம் சமண இல்லங்களின் கிணற்றடியில் இருந்தது. குடிநீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டியபின், துணியில் தங்கிய சிற்றுயிர்களை வடிகட்டிய நீராலேயே அலசி, எடுத்த கிணற்றுக்கே திருப்பித் தரவேண்டும் என்பது விதி. குளத்து நீரின் உயிரைக் கிணற்றில் விடுவதற்கில்லை. மேலிருந்து ஊற்றினால் விழும் வேகத்தில் அவை மாண்டுபோகும் என்பதால், அடியில் வளையம் வைத்த வாளியைக் கயிற்றில் கட்டி, நீரைத் தொடும்வரை மெல்ல இறக்கி, அங்கே கவிழ்ப்பார்கள்.