சேலையில் கத்தரி வைப்பது

நகைக்குப் பாகம் உண்டு. நிலத்துக்குப் பத்திரம் உண்டு. இறந்துபோன ஒரு பெண்ணின் சேலைகளை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்த வீட்டிலும் தீர்மானமான வழக்கம் இல்லை. நல்லதாக நாலைந்தை மகள்களும் மருமகள்களும் ஞாபகத்துக்கென்று எடுத்துக்கொள்வார்கள். நைந்தவை அடுப்படியில் பிடிதுணியாகும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மிஞ்சும். யாராலும் உடுத்த முடியாதவை, தூக்கிப்போடவும் மனம் வராதவை. அவை பீரோவுக்குள் போகும். பீரோவைப் பூட்டியதும் அந்தப் பேச்சும் முடிந்துவிடும்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் அப்படி முடியவில்லை. அம்மாவின் சேலைகளை நான் சதுரம் சதுரமாக வெட்டி, மடித்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளாகச் செய்கிறேன். கேள்விப்படுகிறவர்கள் எப்படிச் செய்கிறாய் என்று பிறகுதான் கேட்பார்கள். முதலில் வருவது "வெட்டிட்டியா?" என்பதுதான். அந்தக் கேள்வியில் உள்ள அதிர்ச்சியை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

வேலை எளிதுதான், பொறுமை வேண்டும். 3 அங்குல விட்டமுள்ள தெர்மாகோல் உருண்டை ஒன்று, இரண்டரை அங்குலச் சதுரங்களாக வெட்டிய துணி, ஒரு பெட்டி குண்டூசி. சதுரத்தைப் பாதியாக மடித்து, மடித்த விளிம்பின் நடுப்புள்ளியை உருண்டையின் உச்சியில் ஊசியால் குத்த வேண்டும். இரண்டு மூலைகளையும் கீழே மடக்கினால் முக்கோணம்; அதன் அடியில் இரு ஓரத்திலும் ஒவ்வொரு ஊசி. உச்சியைச் சுற்றி நான்கு முக்கோணங்கள் கூர்முனை சேர்ந்து நிற்கும். அரை அங்குலம் தள்ளி அடுத்த வரிசையில் எட்டு, அதன் கீழே எட்டு, இன்னும் ஒரு எட்டு. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பிசிறையும் ஊசித்தலையையும் மறைத்துக்கொண்டே போகும். மறுபக்கமும் அதே போல. ஆக 56 முக்கோணம், நூற்றைம்பதைத் தாண்டும் ஊசிகள். நடுவயிற்றில் மிஞ்சும் பிசிறை ஒரு ரிப்பன் சுற்றி மறைத்தால் முடிந்தது. நூலும் இல்லை, தையலும் இல்லை. இங்கிலாந்தில் சாமர்செட் என்ற வட்டாரத்தின் பெயரால் வழங்கும் மடிப்பு நட்சத்திர ஒட்டுவேலைதான் இது. திண்டு உறைகளில் தட்டையாகத் தைத்ததை உருண்டையில் ஏற்றியிருக்கிறார்கள்.

கையில் எடுத்தால்தான் துணியின் குணம் தெரிகிறது. வாயில் சேலை வழுக்கும், மடிப்பு நிற்காது. பட்டை வெட்டிய உடனே ஓரம் நூல்நூலாகப் பிரியும். சொன்னபடி கேட்பது கைத்தறிப் பருத்திதான். மதுரைச் சுங்குடியென்றால், வெள்ளைப் புள்ளிகள் முக்கோணத்துக்குள் சரியாக வந்து அமர எங்கே கத்தரி வைப்பது என்று முதலில் துணியை நிதானமாகப் பார்க்க வேண்டும். அம்மா ஆசிரியை. கோ-ஆப்டெக்ஸில் தவணைக்கு எடுத்த பருத்திச் சேலைகளைச் சோற்றுக்கஞ்சி போட்டு, விறைப்பாக உடுத்திப் பள்ளிக்கூடம் போனவள். சில சேலைகளில் அவள் போட்ட கஞ்சியே மிச்சமிருந்தது. நான் மடித்த மடிப்பு அவள் கஞ்சியில் நின்றது.

வெட்டப்போய்த்தான் ஒன்று தெரிந்தது: சேலை எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேய்வதில்லை. தரையில் உரசும் கீழ்க்கரை முதலில் கிழியும். கொசுவம் செருகும் இடத்தில் துணி மெலிந்து வெளிச்சம் ஊடுருவும். தோளில் பின் குத்திக் குத்தி ஒரு சின்ன இடம் முழுக்கப் பொத்தலாகியிருக்கும். முந்தானையும் உள்சுற்றும் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். அம்மா எந்தக் கரையை மிதித்து நடந்தாள், எந்த இடுப்புப் பக்கம் சாவிக்கொத்தைச் செருகினாள் என்பதெல்லாம் அந்தத் தேய்மானத்தில் இருந்தது. மடித்து அடுக்கிய சேலையில் இதை நான் பார்த்ததே இல்லை. முழுதாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எந்த இடம் ஊசி தாங்கும், எது தாங்காது என்று தேடியபோதுதான் கண்ணில் பட்டது. பின் குத்திய பொத்தல்கள் உள்ள துண்டை நான் ஒதுக்கவில்லை. உச்சியில், எல்லோர் கண்ணிலும் படுகிற முதல் வரிசையில் வைத்தேன்.

முழுதாக வைத்திருந்தால் சேலை பத்திரமாக இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். இருக்காது. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடக்கும் பட்டு அந்த மடிப்புக்கோட்டிலேயே இற்றுப்போகும். ஒருநாள் ஆசையாக விரித்தால் கோடு கோடாகக் கீறிக்கொண்டு வரும். அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி வைக்கச் சொல்வது அதனால்தான். ஜரிகையில் உள்ள வெள்ளி காற்றுப்பட்டுக் கறுக்கும். கஞ்சி போட்ட பருத்தியை அப்படியே அடுக்கினால் இராமபாணப் பூச்சிக்கு அதுதான் தீனி. எல்லாம் போன பிறகு, பழைய பட்டுச்சேலை வாங்க வருகிறவரிடம் எடைக்குப் போகும். ஜரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். தொடாமல் வைப்பதிலும் சேலை அழிகிறது. மெதுவாக, யாரும் பார்க்காமல் அழிவதால் யாரும் அதற்குப் பொறுப்பேற்பதில்லை, அவ்வளவுதான். கத்தரி எடுத்தவள் மட்டும் குற்றவாளியாகத் தெரிகிறாள்.

என் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, இது ஒப்பவில்லை. "மாமி உடுத்துனத கண்டதுண்டமா வெட்டுறதப் பாத்தா மனசுக்குச் சங்கடமா இருக்கு" என்றாள். மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்க எனக்கு மனமில்லை. இந்த மண்ணில் பெண்ணின் உடம்பில் கிடக்கும் துணிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்களும் வேறு பல சாதிப் பெண்களும் மேலுடம்பை மறைக்கக் கூடாது என்று இருந்தது. மறைத்தவர்களின் சீலையைச் சந்தையில் வைத்தே பிடித்திழுத்துக் கிழித்தார்கள். 1822-இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859-இல் அரசு அறிவிப்பு வரும்வரை நீண்டது. அந்த அறிவிப்பும்கூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒரு முழத் துணிக்காக அடிபட்ட பெண்களின் வழிவந்தவர்கள் நாங்கள். பெண்ணின் சீலை கிழிபடுவதைப் பார்க்கப் பொறுக்காத ஒரு மனசு, காரணம் மறந்த பிறகும், எங்கள் வீடுகளில் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். மைனியின் சங்கடத்தை நான் அந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

அதே நாகர்கோவிலில், அதே காலத்தில், நூலும் ஊசியும் வேறொன்றையும் செய்தன. 1820-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் ரேந்தை விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். மார்த்தாவின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து போன பின் இடையன்குடியிலும் அந்த வேலையைத் தொடங்கினார். அந்த ரேந்தை யாருடைய குளிரையும் போக்கவில்லை, யாருடைய மானத்தையும் மறைக்கவில்லை. துணியின் ஓரத்தில் அழகுக்காகத் தொங்கியது. அதன் விலையில் ஒரு பெண் வீடு திரும்பினாள். அலங்காரம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று யாராவது சொன்னால் என்னால் சேர்ந்து தலையாட்ட முடிவதில்லை.

வெட்டுவதில் அவமதிப்பு இல்லை என்ற தைரியத்தை எனக்குக் கொடுத்தவர்கள் கர்நாடகத்தின் சித்திப் பெண்கள். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி; உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டூர்களில் வாழ்கிறவர்கள். வீட்டில் நைந்துபோன சேலையையும் சட்டையையும் துண்டாக்கிக் கவந்தி என்ற விரிப்பைத் தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு ஓரமாகச் சுற்றிச் சுற்றி, உள்நோக்கித் தைத்துக்கொண்டே போய் நடுவில் முடிப்பார்கள். வண்ணக் கணக்கு எதையும் தாளில் போட்டுக்கொள்வதில்லை. கையில் வரும் துணிதான் அடுத்த இடத்தைத் தீர்மானிக்கும். அப்புறம் நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பார்கள். ஃபூலா, அதாவது பூ, என்று அதற்குப் பெயர். ஃபூலா வைக்காத விரிப்பு அம்மணமாக இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். தூங்குவதற்கு அது தேவையில்லை, குளிருக்கும் தேவையில்லை. ஆனாலும் அது இல்லாமல் விரிப்பு முடிந்ததாகக் கணக்கில்லை. நான் மடிக்கும் முக்கோணம் இங்கிலாந்து வழியாக என்னிடம் வந்திருந்தாலும், உறவு கொண்டாடத் தோன்றுவது அந்தப் பெண்களின் மூலைப் பூக்களோடுதான்.

அம்மாவிடம் மாம்பழ நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை இருந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. கீழ்க்கரை முழுக்கக் கிழிந்துபோனதால் உடுத்தவும் முடியாது. முழுச்சேலையாக இருந்தவரை அது ஒருவரிடம்தான் இருக்க முடியும். வைத்திருப்பவருக்கு அது பாரம், மற்றவர்களுக்கு ஒரு குறை. வெட்டினால் ஒரு சேலையிலிருந்து இருபதுக்கு மேல் உருண்டை வரும். அண்ணன் வீட்டுக்கு, வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு, சித்திகளுக்கு, அம்மாவோடு வேலை பார்த்த ஆசிரியைகளுக்கு என்று போயிற்று. அந்த ஆசிரியைகளில் ஒருவர் இந்து. அவர் அதைப் பொங்கலுக்கு வாசல்நிலையில் கட்டித் தொங்கவிட்டார். அம்மாவுக்கு அது பிடித்திருக்கும்.

பண்டிகை முடிந்தால் உருண்டைகள் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். பீரோவிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறாய், இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். எனக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. கூடத்தில் அம்மாவின் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதைக் கடந்துதான் தினமும் தண்ணீர் குடிக்கப் போகிறேன். எத்தனை நாள் நிமிர்ந்து பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கண்ணெதிரே எப்போதும் இருப்பது கண்ணில் படாமல் போகிறது. பீரோவில் இருப்பதை எடுத்துப் பார்க்கவும் ஒரு நாள் குறித்திருக்கவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போகும். மரத்தில் தொங்குவதற்கு மட்டும் நாள் இருக்கிறது. டிசம்பர் பிறந்து, வாசலில் நட்சத்திரம் ஏற்றி, சவுக்குக் கிளையை வாளி மணலில் நட்ட பிறகு பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். தெர்மாகோல் உருண்டைக்குக் கனமில்லாததால் சவுக்கின் மெல்லிய நுனியும் தாங்கும். முந்திரிக்கொத்து பொரிக்கிற வாசனையில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். இது எந்தச் சேலை, எப்போ உடுத்தியிருந்தாங்க என்று பேச்சு வளரும். ஜனவரி 6, எபிபனி முடிந்ததும் கழற்றிவிடுவோம். நினைப்பதற்கு ஒரு பருவமும் மறந்து வேலையைப் பார்ப்பதற்கு ஒரு பருவமும் மனிதனுக்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பண்டிகை அந்த இரண்டையும் தருகிறது.

எல்லாவற்றையும் வெட்டலாம் என்று சொல்லவில்லை. அம்மாவின் கல்யாணச் சேலையை நான் தொடவில்லை. அது இன்னும் இற்றுப்போகவில்லை. மடிப்பு மாற்றி வைத்தால் பேத்தி ஒருத்தி உடுத்துவாள். உடுத்தக்கூடிய சேலை உடம்பில்தான் இருக்க வேண்டும். பார்க்க அழகாக வரும் என்பதற்காக நல்ல சேலையில் கத்தரி வைப்பதை நான் தவறென்றே நினைக்கிறேன், அது சொந்தச் சேலையாக இருந்தாலும்.

பணி ஓய்வுக்குப் பிறகு அம்மாவை நாங்கள் சேலையில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுதான். மற்ற நேரமெல்லாம் நைட்டி. ஊதாவில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. யாரும் நைட்டியை ஞாபகத்துக்கென்று எடுத்து வைப்பதில்லை. இறந்தவர்களை நாம் நல்ல துணியிலேயே நினைத்துக்கொள்ள விரும்புகிறோம். நான் அந்த நைட்டியின் முதுகுப்பக்கத்திலிருந்து ஒரு உருண்டை செய்தேன். சந்தைத் துணி, துவைத்துத் துவைத்து மெலிந்தது, ஆனால் மடிப்புக்கு நன்றாக வந்தது. மற்ற உருண்டைகளை அண்ணனின் சின்ன மகனுக்கு நாங்கள்தான் விளக்க வேண்டியிருந்தது. இதைப் பார்த்ததும் அவனாகச் சொன்னான்: "இது ஆச்சி." ஆச்சியின் நைட்டி என்றுகூடச் சொல்லவில்லை. அவனுக்குச் சோறு ஊட்டியதும் தோளில் போட்டுத் தூங்கவைத்ததும் அந்தத் துணிதான். பட்டும் சுங்குடியும் பள்ளிக்கூடத்து ஆசிரியையினுடையவை; அவளை அவன் அறிய மாட்டான். மைனி அந்த உருண்டையைத் தன் வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இந்த வருஷம் மரத்தைக் கலைத்தபோது அப்பா தன் பழைய சாரம் (லுங்கி) ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இது கிழிஞ்சு போச்சு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு இதுல ஒண்ணு செய்" என்றார். நீலமும் பச்சையுமாகக் கட்டம். கட்டத்துணியை மடிப்பது எளிதல்ல. கோடு ஒரு நூல் சாய்ந்தாலும் முக்கோணம் கோணலாகத் தெரியும். கட்டத்தின் அளவுக்கு ஏற்றாற்போல் சதுரத்தை இரண்டேகால் அங்குலமாகக் குறைக்க வேண்டியிருக்கும். கஞ்சியும் கொஞ்சம் கெட்டியாகவே போட வேண்டும்.