கெட்ட செய்தி யாருக்கு?

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பொறுப்புடைமை அறிக்கை தரவேண்டும் என்பது பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. அதில் ஒரு கட்டம்: சுற்றுவட்டார மக்களிடமிருந்து வந்த புகார்கள் எத்தனை, ஆண்டு முடிவில் தீராதவை எத்தனை, குறிப்பு. இரண்டு எண்களைப் போட்டால் கட்டம் நிறைந்துவிடும். ஒரு வரிகூடப் பொய்யில்லாமல், ஊருக்கு நேர்ந்தது எதையும் சொல்லாமல் விடலாம் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். அந்த மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு பாம்பாறாகிக் கும்பக்கரையில் விழுந்து, வராக நதி வழியே வைகைக்கு வருகிறது. ஆகவே மலையில் நடப்பது மதுரைச் சமவெளிக்கு அடுத்தவர் விவகாரம் அல்ல. பாம்பாறு சோலைக்கு மேலே இருந்த ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் டன் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போனதை, 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸும்தான் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. நிறுவனம் பிறகு மௌனமாக இல்லை, நிறையவே விளக்கியது. நடைமுறையை மீறிக் கண்ணாடி விற்கப்பட்டது என்றது, தொழிலாளர் உடல்நலம் கெட்டதற்கு ஆதாரமில்லை என்றது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு செய்த உடன்பாட்டுக்கும் மனிதாபிமானத்தையே காரணமாகச் சொன்னது. தங்கள் உடம்பு கெட்டது வேலையால்தான் என்பது தொழிலாளர் தரப்பு. யார் சொல்வது சரி என்பது மருத்துவர்களும் நீதிமன்றமும் பார்க்க வேண்டியது. ஆனால் பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர்களின் வாதத்துக்கு, பாதித்ததாகச் சொல்லப்படுபவர் எழுதும் அறிக்கையில் சம இடம் இல்லையென்றால், அதை வெளிப்படைத்தன்மை என்று ஒப்புக்கொள்வது கடினம்.

உள்ளதை எழுதினால் வழக்கு வரும், பங்கு விலை சரியும், வாய் திறந்தவரைத் தண்டித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பார்கள். நியாயமான பயம்தான். தானாக முன்வந்து சொல்பவருக்கு அபராதத்தில் சலுகை கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் சொல்லாமல் இருந்தால் அந்தச் செலவு மறைவதில்லை, தோள் மாறுகிறது. ஆலை மூடியதற்கும் உடன்பாட்டுக்கும் இடைப்பட்ட 15 ஆண்டுகளை எந்த நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது?

முதலீட்டாளரை மனத்தில் வைத்து அறிக்கை எழுதும் வரை இந்த நிலை மாறாது. பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படும் ஆலைகள், 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, வரப்போகும் பாதிப்பின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் கொடுத்தாக வேண்டும். ஆலை ஓடத் தொடங்கியபின் நேர்ந்த பாதிப்பைச் சொல்லும் ஆண்டறிக்கையோ ஆங்கிலத்தில் பங்குச்சந்தைக்குப் போகிறது. பெரியகுளத்தில் வராக நதித் தண்ணீரைப் பாய்ச்சுபவருக்கு அதைத் தமிழில் தரவேண்டும் என்று செபி கேட்பதில்லை.