விளக்கணைந்த ஊர்

வட இந்தியாவிலும் தக்காணத்திலும் பழைய வருவாய்ப் பதிவேடுகளில் ‘பேசிராக்’ என்றொரு சொல் உண்டு. பாரசீகச் சொல் அது. ‘பே’ என்றால் இல்லாத. ‘சிராக்’ என்றால் விளக்கு. பெயர் உண்டு, எல்லை உண்டு, அந்தியில் விளக்கேற்ற மட்டும் ஆளில்லை என்னும் ஊரை அவ்வாறு குறித்தார்கள். அழகிய சொல்தான். ஆயினும், அந்த விளக்கை அணைத்தது யார் என்பதை அது கூறுவதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவேயாகும்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. அங்கே யாரைக் குற்றம் சொல்வது? இங்கிலாந்தில், யார்க்‌ஷயரிலுள்ள வாரம் பெர்சி என்னும் சிற்றூரின் கதை வேறு. பயிரைவிட ஆட்டு ரோமம் ஆதாயம் தருமென்று கண்டு, ஏறத்தாழ 1500ஆம் ஆண்டில், எஞ்சிய குடிகளையும் வெளியேற்றி நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பவை கூரையிழந்த தேவாலயமும் புல்மூடிய மேடுகளுமே. 1950 முதல் 1990 வரை, 40 ஆண்டுகள் கோடைதோறும் அறிஞர்கள் அம்மண்ணை அகழ்ந்து, அம்மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று ஆராய்ந்தார்கள். வாழ்ந்த காலத்தில் அவர்களை ஒரு வார்த்தை கேட்பாரில்லை!

இதைத் தூரதேசத்துக் கதையென்று தள்ளிவிட நம்மால் இயலாது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் காட்டுப்பள்ளிக் குப்பம் இருந்தது. கப்பல் கட்டும் தளத்துக்காக அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டன. 2013இல் அங்கே துறைமுகமும் இயங்கத் தொடங்கியது.

பலரின் நன்மைக்காகச் சிலர் விட்டுக்கொடுப்பது அறமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். விட்டுக்கொடுப்பது அறமே. ஆனால், மறுக்கும் உரிமை உள்ளவனால்தான் விட்டுக்கொடுக்க முடியும். அவ்வுரிமை இல்லாதவன் பறிகொடுக்கிறான். மேலும், சிலரே என்பதால் இழப்பு சிறிதாகிவிடுவதில்லை. வலை உலர்த்திய மணலையும் படகு ஏற்றிய கரையையும் இழந்த வீட்டுக்கு அது முழு இழப்பே. கொடுத்த மனைக்கு அளவு உண்டு. கடலுக்கு நடந்து செல்லும் தூரத்தில் வாழ்ந்த வாழ்வுக்கு எந்த அளவுகோல் உண்டு?

துறைமுகம் வேண்டாமென்பது நம் வாதமன்று. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் துறைமுகத்தை நம்பி உலையேற்றும் வீடுகள் எத்தனையோ! கப்பலில் வந்திறங்கும் பொருள் நம் இல்லங்களிலும் இருக்கிறது. ஆகவே அக்கடன் நம்முடையதுமாகும். நாளை ஒரு பதிவேடு ஓர் ஊரைக் ‘குடியில்லாதது’ என்று எழுதுமானால், அங்கிருந்த குடிகள் எங்கே சென்றார்கள் என்று கேட்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.