அரைச் செய்தியை என்ன செய்வது?

பொய்யை ஒதுக்க வேண்டும் என்பதில் நமக்குள் பிணக்கில்லை. அரைகுறைச் செய்திதான் சிக்கல். அதன் தொடக்கம் மெய்யாகவே இருக்கும், இடையில் நின்றுபோயிருக்கும். இதற்கு நம் உடலின் கலங்கள் ஒரு விடை வைத்திருக்கின்றன. அந்த விடை மனிதர்களுக்கும் பொருந்துமா என்பதே என் யோசனை.

கலத்தின் கருவிலே பரம்பரையலகு படியெடுக்கப்படுகிறது. வேண்டாத துண்டுகள் வெட்டப்பட்டு, மிஞ்சியவை ஒட்டப்பட்டு, தூது ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. ஒட்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு புரத முடிச்சு அடையாளமாக விடப்பட்டிருக்கும். இறைபோசோம் செய்தியை முதன்முறை வாசிக்கும்போது இம்முடிச்சுகளைத் தட்டிவிட்டுக்கொண்டே போகும். 'நிறுத்து' என்ற குறி வந்த பிறகும் அப்பால் ஒரு முடிச்சு மிஞ்சியிருந்தால், நிறுத்தம் முந்திவிட்டது என்று பொருள். யூ.பி.எஃப்.1 என்ற புரதம் வேறு சில புரதங்களோடு சேர்ந்து அந்தச் செய்தியை அழிவுக்கு ஒப்படைக்கும். செய்தி நல்லதா கெட்டதா என்று கலம் பார்ப்பதில்லை. முழுமையா என்றே பார்க்கிறது. அதுவும் வாசித்துப் பார்த்த பிறகுதான்.

இதன் அருமை தலசீமியாவில் தெரியும். ஈமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 அமினோவமிலங்கள் உண்டு. 39ஆம் இடத்தில் நிறுத்தற்குறி விழுந்தால் செய்தி அழிக்கப்பட்டுவிடும். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து நல்ல பிரதி கிடைத்தவர் பெரும்பாலும் சுகமாகவே வாழ்வார். 121ஆம் இடத்தில் விழுந்தாலோ அது கடைசி ஒட்டிடத்தைத் தாண்டியது. தட்டிவிட முடிச்சில்லை, செய்தி தப்பிவிடும். குறைப்பட்ட சங்கிலி உருவாகி, நல்ல பிரதி ஒன்று இருந்தும் அவரை நோயாளியாக்கும். ஏறக்குறைய முழுமையான செய்திதான் கூடுதலான கேட்டைச் செய்கிறது!

ஆனால் இரண்டு பிரதியும் பழுதானவருக்கு இந்தக் காவலால் விமோசனமில்லை. குருநாகல் வைத்தியசாலையின் தலசீமியாப் பிரிவுக்குக் குருதி ஏற்ற வரும் பிள்ளைகளைப் பார்த்தால் புரியும். பிழையை அழிக்கத் தெரிந்த கலத்துக்கு இல்லாததை எழுதித் தரத் தெரியாது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், உணவிலே ஒரு கட்டி கிடந்தது. இவ்வளவும் மெய். அது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்ற பேச்சு அதன் வாலாக ஒட்டிக்கொண்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். சில நாட்களில் திகன எரிந்தது. உக்குவளைக்கு அது மலைக்கப்பால்தான். மார்ச் 7இல் அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. கலம் முதல் வாசிப்பிலேயே செய்வதை அரசு ஆயிரமாயிரம் வாசிப்புக்குப் பின் செய்தது. பொய்யோடு சேர்த்து, உறவினரின் நலம் விசாரித்த செய்திகளும் நின்றுபோயின.

இந்த இடத்தில் நம் ஹதீஸ் கலை அறிஞர்களை நினைக்கிறேன். அறிவிப்பாளர் வரிசை இடையில் அறுந்திருந்தால் அதை 'முன்கதிஃ' என்றார்கள். கருத்து எத்தனை அழகாயிருந்தாலும் அழகுக்காக அதன் தரத்தை உயர்த்தவில்லை. இதுவரை கலத்தின் வழிதான். ஆனால் அவர்கள் அதை எரித்துவிடவில்லை. எங்கே அறுந்தது, யார் விடுபட்டார் என்று குறித்து வைத்தார்கள். பலவீனமான ஹதீஸ்களும் பலவீனம் என்ற அடையாளத்தோடு இன்றும் நூல்களில் இருக்கின்றன.

கலம் தயங்காமல் அழிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது அழிப்பது பிரதியை மட்டுமே. மூலம் கருவுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு மனிதன் அரைகுறையாகச் சொன்ன சாட்சியத்துக்கு அப்படி மூலமொன்று வேறெங்கும் இல்லை. அழித்துவிட்டால், அதிலிருந்த மெய்ப் பாதியும் போய்விடும். அம்பாறைக் கட்டியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டிருந்தால், அது மாவு என்று சொல்ல இன்று நம்மிடம் எந்த அத்தாட்சியும் இருந்திராது.