எத்தனை கோர் போதும்?

செஸ் ஆடும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. 'ஆட்டங்களை அலச நல்ல கம்ப்யூட்டர் வாங்கணும். எட்டு கோர் போதுமா, பதினாறு வேணுமா? ராம் எவ்வளவு? கிராஃபிக்ஸ் கார்டு?' கேட்பவர் மாதச் சம்பளக்காரர். ஒன்றரை லட்சம் வரை போகத் தயார். பெண்ணின் ரேட்டிங் 1400.

கடைக்காரரைக் கேட்டால் பதில் சுலபம். ஸ்டாக்கில் விலை அதிகமானது எதுவோ, அதைச் சொல்வார். நீங்கள் அவரிடம் போகும் முன்பு கொஞ்சம் யோசிக்கலாம்.

முதலில் மெஷின் சமாசாரம். ஸ்டாக்ஃபிஷ் என்கிற செஸ் என்ஜின் 2008-ல் வந்தது. இலவசம். எந்த மனிதராலும் அதை ஜெயிக்க முடியாது. அதற்கு முக்கியம் ப்ராசஸர்தான். கிராஃபிக்ஸ் கார்டை அது தொடுவதே இல்லை. லீலா என்கிற இன்னொரு என்ஜினுக்குத்தான் அந்தக் கார்டு உதவும். ராம் எதற்கு? ஒரு தடவை அலசிப் பார்த்த நிலையை மறுபடி அலசாமல் ஞாபகம் வைத்துக்கொள்ள.

சரி, கோர்களை இரட்டிப்பாக்கினால் பலமும் இரட்டிப்பாகுமா? ஆகாது. நாலு பேர் பார்க்கிற வேலைக்கு எட்டுப் பேரை அனுப்பினால் ஒருவர் தேடிய இடத்தையே இன்னொருவரும் தேடிக்கொண்டிருப்பார் இல்லையா? அப்படித்தான். தவிர, ஒவ்வொரு படி ஆழம் போகவும் நேரம் பெருகிக்கொண்டே போகும். அம்பலப்புழை ராஜா கதை தெரியுமல்லவா? சதுரங்கத்தின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நாலு... என்று கொடுக்கப்போய்க் களஞ்சியமே காலியான கதை. என்ஜினின் களஞ்சியமும் அதே கணக்கில்தான் காலியாகிறது. போர்டில் ஆறு காய் வரை மிச்சமிருக்கும் எண்ட்கேம்களுக்கு விடை சொல்லும் சிஸிஜி அட்டவணைகள் சுமார் 150 ஜிபி. ஏழு காய் என்றால் 16 டெராபைட்டுக்கும் மேல். ஒரே ஒரு காய் கூடியதற்கு நூறு மடங்கு!

1997-ல் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ, விநாடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. அது பீரோ பீரோவாக நின்ற இயந்திரம். 2009-ல் பியூனஸ் ஏர்ஸில் மனிதர்கள் ஆடிய ஒரு போட்டியில், ஒரு செல்போனில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் என்கிற புரோகிராம் பத்து ஆட்டங்களில் ஒன்பதரைப் புள்ளி எடுத்தது. அதன் வேகம் விநாடிக்கு 20 ஆயிரத்துக்கும் குறைவு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு! எதைத் தேட வேண்டாம் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

ஆக, 1400 ரேட்டிங்கில் இருக்கும் பெண் எங்கே கோட்டை விட்டாள் என்று சொல்ல, இப்போது உங்கள் சட்டைப்பையில் இருக்கிற போனே போதும். அப்புறம் ஏன் மனசு பதினாறு கோரைக் கேட்கிறது?

நமக்கு வேண்டியது நிச்சயம். யாரும் மறுத்துப் பேச முடியாத பதில். அதைக் காசு கொடுத்து வாங்க முடியும் என்று தெரிந்துவிட்டால், வாங்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்கிற துரோகம் மாதிரிப் படுகிறது. இது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் யாருக்கு என்ன கிடைக்கிறது?

பாலம் கட்டும்போது கணக்கை யார் போட்டால் என்ன, பாலம் நின்றால் சரி. அங்கே விடை மட்டும் போதும். செஸ்ஸில் அப்படியில்லை. நேற்று முடிந்துபோன ஆட்டத்தின் 23-வது நகர்த்தலுக்குச் சரியான விடை இன்று உலகில் யாருக்கும் பயன்படாது. அதைத் தேடுவதே, நாளைக்கு அந்தப் பெண் தானாக இன்னொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். நாளைய அரங்கில் அவள் பக்கத்தில் கம்ப்யூட்டர் இருக்காது. செல்போனைக்கூட உள்ளே விடமாட்டார்கள்.

'அப்படியானால் பெரிய மெஷினே தண்டமா?' என்று கேட்பீர்கள். இல்லை. உலகப் பட்டத்துக்கு ஆடுகிறவர்களுக்கு ஓப்பனிங்கில் ஒரு புது நகர்த்தல் கிடைத்தாலும் லாபம். 2010-ல் சோஃபியாவில் ஆனந்தும் டோபலோவும் மோதியபோது, டோபலோவ் தரப்பிடம் 112 கோர் கொண்ட ஏற்பாடு இருந்ததாகச் செய்தி வந்தது. ஆனந்திடமும் கம்ப்யூட்டர்கள் இருந்தன, அவ்வளவு பெரிதாக இல்லை. பன்னிரண்டாவது, கடைசி ஆட்டம். இருவரும் சம புள்ளி. ஆனந்துக்குக் கறுப்புக் காய். டிராவை நோக்கிப் போன ஆட்டத்தில் டோபலோவ் ஒரு சிப்பாயை வெட்டி, தன் ராஜாவுக்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டார். ஆனந்த் ஜெயித்தார். அந்த நேரத்தில் போர்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதர், அந்தப் பக்கம் ஒரு மனிதர். 112 கோரும் வெளியேதான் நின்றது.

இப்போது உங்கள் வீட்டு ஹாலுக்கு வருவோம். தோற்றுவிட்டு வருகிறாள் பெண். அப்பா ஆட்டத்தை மெஷினில் ஏற்றுகிறார். அரை விநாடியில் சிவப்பு எழுத்து: தப்பு. 'பார்த்தியா? குதிரையை அங்கே வெச்சிருக்கக் கூடாது!' அவள் தலையை ஆட்டுகிறாள். கதை முடிந்தது.

குதிரையை அங்கே வைக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. தப்பான காரணமாகவே இருக்கட்டும். உலகத்திலேயே பெரிய கம்ப்யூட்டரிலும் அந்தக் காரணம் கிடையாது. அது அவள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. திருத்த வேண்டியதும் அதைத்தான். குதிரையைத் திருத்தி என்ன ஆகப்போகிறது? சிவப்பு எழுத்து முதலில் வந்துவிட்டால், அவள் காரணத்தைச் சொல்ல வெட்கப்படுவாள். பத்து தடவை இப்படி நடந்தால், காரணம் யோசிப்பதையே நிறுத்திவிடுவாள். மெஷின் சொன்னால் சரி என்று இருந்துவிடுவாள். செஸ்ஸில் மட்டும் இருந்தால் பரவாயில்லை, பழக்கம் அங்கேயே நிற்குமா என்ன?

அதனால் வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். சுமாரான ப்ராசஸர், 16 ஜிபி ராம், வேகமான எஸ்எஸ்டி இருந்தால் பல வருஷத்துக்குக் கவலையில்லை. மிச்சமாகும் பணத்தில் அவளை நாலு ஊர் போட்டிகளுக்குக் கூட்டிப்போகலாம். வீட்டில் ஒரே ஒரு சட்டம் போதும்: அரை மணி நேரம் மரப் போர்டில் ஆட்டத்தை அவளே வைத்துக் காட்டி, ஒவ்வொரு இடத்திலும் என்ன நினைத்தாள் என்று ஒரு நோட்டில் எழுதிய பிறகுதான் சுவிட்சைப் போடுவது.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும், பழைய போன் மட்டுமே இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் இன்றைக்கு என்ஜினில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா அங்கே வெச்சே?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்க ஒரு ஆள் உண்டா என்பதில்தான் வித்தியாசம். அந்த ஆளை எந்தக் கடையிலும் விற்பதில்லை.