இருதயக் காவலும் இருதய அச்சமும்

நோய் வந்தபோது அஞ்சுதல் யாவர்க்கும் இயல்பு. நோய் நீங்கிய பின்னும் அஞ்சுதல் பலர்க்கு நேர்வது. எனினும் அதனை வெளிப்படச் சொல்வோர் சிலரே. முன்னையதற்கு மருந்துண்டு, சுற்றத்தார் துணையுமுண்டு. பின்னையதற்கோ, “இனி உமக்கு என்ன குறை?” என்னும் வினாவொன்றே விடையாகக் கிடைக்கின்றது. இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டுச் சிகிச்சை பெற்றுத் தேறிய யான், தேறிய பின்னர் அனுபவித்த அச்சத்தை முன்னிட்டு, அவ்வச்சம் குற்றமாமோ, குற்றமன்றாயின் அதனோடு வாழுமாறு யாது என்பதனை ஈண்டு ஆராயப் புகுந்தேன். ஆசிரியத் தொழில் பூண்ட அன்பர்கள் பொறுமையுடன் வாசிப்பார்களாக.

முதற்கண் நோயின் இயல்பைச் சொல்லுதல் வேண்டும். இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கின்றது. அத்துடிப்புக்குரிய மின்கணத்தாக்கம் வலச் சோணையறையின் மேற்பாகத்திலுள்ள சிறு கணுவொன்றிலே தோன்றுகின்றது. அதனை ஆதர் கீத், மார்ட்டின் பிளக் என்னும் இருவர் 1907 ஆம் ஆண்டிலே கண்டறிந்து வெளியிட்டனர். சிலர்க்குச் சோணையறைகள் இக்கணுவின் ஆணையைக் கடந்து ஒழுங்கின்றி நடுங்கும். அந்நடுக்கத்தை மூட்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் நாளங்களின் வாயில்களிலிருந்து எழுகின்றன என்பதனைப் பிரான்சு தேசத்துப் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஐசாகேர் முதலாயினோர் 1998 இலே வெளியிட்டனர். தொடையடி நாளத்தின் வழியாக நுண்குழாயைச் செலுத்தி, அவ்வாயில்களைச் சுற்றிச் சுட்டு, மின்பொறி உட்புகாவண்ணம் வேலியிடும் சிகிச்சை அதன் பின்னரே பரவலாயிற்று. எனக்குக் கொழும்பிலே செய்யப்பட்டதும் அதுவே.

நாயாற்றுக்கு மீண்டேன். துடிப்பு ஒழுங்குபட்டது, மனமோ ஒழுங்குபட்டிலது. சொல்வதெழுதுதல் நடத்தும்போது இடக்கை மணிக்கட்டிலே வலக்கை விரல்களை வைத்து எண்ணிக்கொண்டிருப்பேன். இடப்பக்கஞ் சரிந்து படுத்தால் துடிப்புச் செவியிற் கேட்குமென்று இரவெல்லாம் மல்லாந்தே கிடப்பேன். விடியற்காலையிலே கடற்கரையோரம் உலாவும் நெடுநாள் வழக்கத்தை, வழியில் விழுந்தால் எடுப்பார் யார் என்று எண்ணி விட்டொழித்தேன். முல்லைத்தீவு வைத்தியசாலைக்கு எத்துணை நேரத்திற் போய்ச் சேரலாம் என்று கணக்கிடாமல் ஓரிடத்துக்கும் புறப்படேன்.

ஒரு நாள் சொல்வதெழுதுதலின் இடையே வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன் போலும். முன்வாங்கிலிருந்த ஐந்தாந் தரத்துப் பிள்ளை ஒருத்தி, “சேர், எத்தனை வந்தது?” என்று கேட்டாள். அவள் பரிகசித்தாளல்லள். யான் எண்ணுவதைப் பல நாளாகக் கண்டிருந்தவள், தானும் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அற்றை நாளில் யான் கற்பித்த பாடம் யாது என்று என்னையே வினவிக்கொண்டேன். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஈண்டு ஒரு சாரார், “சிவபெருமானை நம்பினோர்க்கு அச்சமேது? அஞ்சுவோர் நம்பிக்கையிற் குறைந்தோரே” என்பர். அன்பினாற் சொல்லினும் இச்சொல் நோயாளனுக்கு இரண்டாவது நோயைத் தருகின்றது. அச்சத்தோடு நாணமும் சேர்கின்றது. இது பொருந்தாது. அஃதென்னையெனின், அச்சம் அறிவினால் ஏற்றுக்கொள்ளப்படும் கொள்கையன்று. உடம்பு பயின்ற பழக்கம். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை எமது கரையை அழித்தது. அதன் பின்னர்க் கடலோசை சற்றே மாறினும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோர் எத்தனை பேர்! 2009 இலே யுத்தம் முடிந்த பின்னரும் கோயில் வெடியோசை கேட்டுப் பதைத்து நிலத்திற் குந்தியோர் எத்தனை பேர்! அவர்களை நம்பிக்கையற்றோர் என்று நாம் இகழ்ந்தோமா? இல்லையே. கடலைக் குறித்து அவர்களுக்கு அளித்த இரக்கத்தை இருதயத்தைக் குறித்து அஞ்சுவோனுக்கும் அளித்தல் நீதியாம்.

அற்றேல், அச்சம் குற்றமன்றாயின் அதன்வழி ஒழுகலாமோ எனின், ஒழுகலாகாது. அச்சத்துக்கும் இருதயத்துக்கும் ஒரு தீவட்டம் உண்டு. அஞ்சிய மாத்திரத்தே அதிரினலின் என்னும் சுரப்பு குருதியிற் கலந்து துடிப்பை விரைவுபடுத்தும். விரைந்த துடிப்பை உணர்ந்து மனம் மேலும் அஞ்சும். அன்றியும், நோயில்லாதார்க்கும் இடையிடையே முந்திய துடிப்பொன்று தோன்றி, அதன்பின் சிறிது ஓய்வும் வலிய துடிப்பொன்றும் நிகழ்தல் உண்டு. பிறர் அறியாது விடும் அதனை, எண்ணுவோன் ஒவ்வொரு முறையும் அறிவான். சுட்ட இடம் ஆறும் முதல் இரண்டு மூன்று மாதங்களிலே துடிப்புச் சிறிது தடுமாறுதல் சிகிச்சை தோற்றமைக்கு அடையாளமன்று என்பதும் மருத்துவர் கூறுவது. ஆகவே எண்ணுந்தோறும் அமைதி வருமென்று எண்ணினேன். வந்ததோ மீண்டும் எண்ணவேண்டும் என்னும் அவாவே.

காவல் வேறு, அச்சம் வேறு. எமது கரையிலே தொழில் செய்வோர் கடலில் இறங்குமுன் வானத்தைப் பார்ப்பர், காற்றைப் பார்ப்பர், தோணியிற் பழுதுண்டோ என்று பார்ப்பர். இவை காவல். இறங்கிய பின்னர் அவர்கள் கண் வலைமேலது. நீர் கசிகின்றதோ என்று அடிப்பலகையைக் கணந்தோறும் தடவிக்கொண்டிருப்பவன் வலை வீசான், மீனுங் கொள்ளான். காவலுக்கு நேரமும் அளவும் உண்டு. அச்சத்துக்கு இரண்டும் இல்லை.

இதனை உணர்ந்து, அடுத்த முறை கொழும்புக்குச் சென்றபோது, எப்போது அஞ்சவேண்டும் என்பதனையே மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், நெடுநேரம் நீங்காத படபடப்பு, முகங் கோணுதல், ஒருபக்கக் கைகால் சோர்தல், பேச்சுக் குழறுதல், சிகிச்சைக்குப் பின் முதற் சில வாரங்களிற் காய்ச்சலோ விழுங்குதலில் நோவோ உண்டாதல் என்னும் இவற்றுள் யாதேனும் தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குருதிக்கட்டியைத் தடுக்கும் மருந்தைத் தானாக நிறுத்தலாகாது. அச்சம் ஊணையும் உறக்கத்தையும் கெடுக்குமாயின் அதனையும் மருத்துவரிடமே சொல்லவேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு. “இனி இந்நோய் வாராதென்று உறுதி தருவீரோ?” என்றேன். “சிலர்க்கு மீண்டும் வருவதுண்டு, வரின் மீண்டும் பார்ப்போம்” என்றார். அவ்விடை முதலில் என்னை வருத்திற்று, பின்னர்த் தெளிவித்தது. யான் தேடியது உடல்நலமன்று, உறுதிச்சீட்டு. அச்சீட்டை நோயில்லாதாரும் பெற்றிலர்.

சுவீடன் தேசத்து ஆர்னே லார்சன் என்பவர் சரித்திரம் இதற்குச் சான்றாகும். அவர்க்கு நேர்ந்தது வேறொரு துடிப்புக் கோளாறு. 1958 ஒக்டோபர் 8 ஆந் திகதி, அவருடைய 43 ஆம் வயதிலே, உலகில் முதன்முதலாக உடம்பினுள் வைக்கப்பட்ட இருதயமியக்கி அவர்க்கே வைக்கப்பட்டது. அக்கருவி சில மணி நேரமே உழைத்தது. அவர் வாழ்நாளிலே பல கருவிகள் மாற்றப்பட்டன. அவரோ 2001 ஆம் ஆண்டுவரை, தமது 86 ஆம் வயதுவரை வாழ்ந்தார். கருவியை ஆக்கிய எல்ம்குவிஸ்டும் அதனை வைத்த சத்திரவைத்தியர் சென்னிங்கும் அவர்க்கு முன்னரே காலமாயினர். எவர் எவர்க்குப் பின் இருப்பார் என்பது எண்ணிக் காணற்பாலதன்று.

நம் சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் உயிர்க்கு உதவினான் என்று போதிக்கின்றது. இருதயம் தனுவின் ஓருறுப்பு. அதனைப் பேணுதல் கடமை. ஆயின் கரணம் முழுவதையும் தனுவுக்குக் காவலாளாக நிறுத்திவிடின், புவனத்திலே செய்யவேண்டிய தொண்டுக்கு எஞ்சுவது யாது? திருநாவுக்கரசு நாயனார் சூலை நீங்கப்பெற்ற பின்னர், அது மீளுமோ என்று வயிற்றைத் தடவிக்கொண்டு ஓரிடத்திருந்தாரல்லர். உழவாரத்தைக் கையிலெடுத்துத் தலந்தோறும் நடந்தார். அவர்தம் நிலை நமக்கு எட்டாதெனினும், நோய் நீங்கிய கைக்கு வேறொரு வேலை வேண்டும் என்னும் அவ்வளவு நமக்கும் எட்டுவதே.

ஆதலின் யான் செய்துகொண்ட ஏற்பாடு சிறிது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நாடி பார்க்கின்றேன், வகுப்பறையிற் பார்ப்பதில்லை. மருத்துவர் இசைவுபெற்று, முதல் வாரம் பாடசாலை வாயில்வரை, மறுவாரம் பாலம்வரை எனச் சிறிது சிறிதாக நடை பயின்றேன். அச்சம் அற்றுப்போயிற்றென்று சொல்லேன். சில இரவுகளில் இன்னும் வந்து பாயருகே அமர்கின்றது. அதனைத் துரத்துவதுமில்லை, அதன் சொற்படி எழுவதுமில்லை.

நம்முன் இருக்கும் பிள்ளைகள் நாம் சொல்வதை மாத்திரம் எழுதிக்கொள்கின்றாரல்லர். நாம் அஞ்சும் முறையையும் கண்டு பழகுகின்றனர். இப்பொழுதும் சொல்வதெழுதுதலின் இடையே என் நெஞ்சில் ஒரு துடிப்புத் தவறுவதுண்டு. தவறினும் வாக்கியத்தை முற்றுப்புள்ளிவரை சொல்லி முடிக்கின்றேன். முன்வாங்குப் பிள்ளையும் இப்போது எழுதுகோலையே பிடித்திருக்கின்றாள்.

திருவருள் துணை.